குழந்தை யார் வீட்டில் வளர்ந்தது?

செப்டம்பர் 6, நகரி வாசகரின் கேள்வி

நியாண்டர்தால் என்னும் அழிந்துபோன பழைய மனித இனத்தவரை நம் முன்னோர்கள் கொன்று ஒழித்தார்கள் என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். அவர்களுடைய மரபணு நம் உடம்பிலேயே இருக்கிறது என்று இன்னொரு பக்கம் சொல்கிறார்கள். இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும்? சண்டையா, சம்பந்தமா? ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்.

செப்டம்பர் 6, இரவு

ஒன்றைச் சொல்ல முடியாது. ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் ஊத்துக்கோட்டையில் பிறந்து வளர்ந்த எவரையும் கேட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் அப்பா பக்கம் தமிழ், அம்மா பக்கம் தெலுங்கு. அம்மா சத்தியவேட்டுக்கு அப்பால் ஒரு சிற்றூரிலிருந்து வாழ வந்தவர். இரண்டு குடும்பத்துக்கும் எல்லையோர நிலத்தில் ஒரு வாய்க்கால் வழக்கு இருபது ஆண்டு நடந்தது. அதே இருபது ஆண்டுக்குள் இரண்டு குடும்பத்துக்கும் நடுவே மூன்று கல்யாணங்களும் நடந்தன. வாய்தா நாளில் இரு தரப்பும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்புவார்கள். இறங்கியதும் அம்மம்மா வீட்டில் எல்லாருக்கும் சேர்த்தே உலை வைப்பார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். 1856-இல் ஜெர்மனியின் நியாண்டர் பள்ளத்தாக்கில் எலும்புகள் கிடைத்த நாளிலிருந்து 2010 வரை எல்லாரும் எலும்பையும் கல்லையும் வைத்தே வாதாடினார்கள். 2010-இல் மரபணு ஆய்வாளர் ஸ்வாந்தே பேபோவின் குழு நியாண்டர்தால் மரபணுத்தொகையின் முதல் வரைவை வெளியிட்டது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் மக்களிடம் 1 முதல் 4 விழுக்காடு அவர்களுடைய பங்கு இருக்கிறது என்று அப்போது தெரிந்தது. பேபோவுக்கு 2022-இல் நோபல் பரிசு கிடைத்தது.

செப்டம்பர் 7

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். 1 முதல் 4 என்பது 2010-இன் கணக்கு. இப்போது 1 முதல் 2 விழுக்காடு என்றே கொள்கிறார்கள். ஆப்பிரிக்க மக்களிடம் அறவே இல்லை என்பதும் தவறு. மிகச் சிறிய பங்கு அங்கேயும் உண்டு. வெளியே போனவர்களில் சிலர் பின்னொரு காலத்தில் திரும்பிப் போயிருக்கிறார்கள், அவர்களோடு அதுவும் போயிருக்கிறது.

செப்டம்பர் 7, மாலை

பத்திரம் எழுதுவது என் தொழில், இருபத்தாறு ஆண்டுகளாக. இந்தப் பக்கத்துப் பழைய பத்திரங்களில் பாதி தெலுங்கில் இருக்கும். 1960-க்கு முந்தையதில் சத்தியவேடு செங்கல்பட்டு ஜில்லா. அந்த ஆண்டு திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, சத்தியவேடு அந்தப் பக்கம் போனது. அதற்குப் பிறகு எழுதியதில் அதே நிலம், அதே வேப்பமரம், ஆனால் சித்தூர் ஜில்லா. நிலத்தில் உழுதுகொண்டிருந்தவர் எங்கும் நகரவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மரபணுவை நான் பத்திரமாகத்தான் படிக்கிறேன். சொத்து யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று பத்திரத்தில் இருக்கும். எந்தக் காலத்தில் என்று இருக்கும். வாங்கியவரும் விற்றவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசினார்களா என்பது இருக்காது. மரபணுவைப் படித்துவிட்டு "காதல்" என்று எழுதுகிறவர்களும் "படையெடுப்பு" என்று எழுதுகிறவர்களும் பத்திரத்தில் இல்லாத வரியைத்தான் படிக்கிறார்கள்.

செப்டம்பர் 9

சத்தியவேட்டு நண்பர் கேட்கிறார்: நம் பக்கத்தில் நியாண்டர்தால் இருந்தார்களா?

இந்தியாவில் இதுவரை ஒரு நியாண்டர்தால் எலும்புகூடக் கிடைக்கவில்லை. பழைய மனித எலும்பு என்று பேர் சொல்ல ஒன்று உண்டு. 1982-இல் நர்மதைக் கரையில் ஹத்நோராவில் அருண் சோனாக்கியா கண்டெடுத்த மண்டையோடு அது. அதை எந்த இனத்தில் சேர்ப்பது என்று இன்னும் வாதாடுகிறார்கள்.

கல் மட்டும் நம்மிடம் கொட்டிக் கிடக்கிறது. நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே மாதம் பல்லாவரத்தில் முதல் கற்கருவியை எடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்கோடு கொசஸ்தலையாற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்துக்கு வந்தார். ஊத்துக்கோட்டையிலிருந்து பூண்டிக்குப் போய் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே பல ஆண்டுகள் குழி தோண்டி ஆராய்ந்தார்கள். 2011-இல் வந்த முடிவு: அடி மண்ணில் கிடைத்த கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழையவை. 2018-இல் இன்னொன்று: மேல் அடுக்குகளில் பெரிய கைக்கோடரி குறைந்து, கல்லைத் திட்டமிட்டுத் தட்டிச் சிறிய செதில்களாக எடுக்கும் புதிய முறை சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. விலங்குப் பற்கள் கிடைத்திருக்கின்றன, குளம்பு பதிந்த தடங்கள்கூடக் கிடைத்திருக்கின்றன. மனித எலும்பு ஒன்றும் இல்லை.

புதிய முறையை இங்கிருந்தவர்களே கண்டுபிடித்தார்களா, வந்தவர்களிடம் கற்றார்களா? கற்றார்கள் என்றால் அதுவும் ஒரு கொடுக்கல் வாங்கல்தான். ஆனால் அதற்கு எழுத்துச் சாட்சி எதுவும் அந்த மண்ணில் இல்லை.

செப்டம்பர் 10

புத்தூர் வாசகர் ஒருவர், சிறுவயதில் அத்திரம்பாக்கம் ஓடையில் எடுத்த கல் ஒன்று இன்னும் தன் வீட்டில் இருக்கிறது, படம் போடட்டுமா என்கிறார். போடுங்கள். அதை எந்த இடத்தில், எந்த மண்ணின் மேல் எடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். அதுதான் முக்கியம்.

செப்டம்பர் 11

அத்திரம்பாக்கத்தின் அடி மண்ணுக்கு ஏறக்குறைய அதே வயதுள்ள ஒரு செய்தி. 2024 நவம்பரில் வெளியானது. கென்யாவில் துர்கானா ஏரிக்கரை, கூபி ஃபோரா என்னும் இடம். 15 லட்சம் ஆண்டுக்கு முன் ஈரச் சேற்றில் பதிந்த காலடிகள். ஒரு வரிசை பராந்த்ரோபஸ் பாய்சி நடந்தது, பெரிய தாடையும் வேறு மாதிரிப் பாதமும் உள்ள இனம். குறுக்கே போனது ஹோமோ எரெக்டஸ், நம்மைப் போன்ற நடை. இரண்டும் ஒரே சேற்றுப் பரப்பில் சில மணி நேரம் அல்லது சில நாள் இடைவெளியில் பதிந்தவை.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏரிக்கரையில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். காலையில் தண்ணீருக்குப் போனால் நமக்கு முன்னே வந்து போனவர் யார் என்று சேறு சொல்லும். மாட்டுக்காரரின் காலா, மீன் பிடிக்கிறவரின் காலா, பக்கத்து ஊர்க்காரரா, எல்லாம் தெரியும். அந்தக் கரையில் ஒருவர் இன்னொருவரின் தடத்தைக் குனிந்து பார்த்திருப்பார். தன் கால்போல இருக்கிறது, ஆனால் தன் கால் இல்லை. அவர் என்ன செய்திருப்பார்? நான் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறேன். சண்டை, சம்பந்தம் எல்லாம் அதற்கு அப்புறம்.

செப்டம்பர் 14

இனி டெனி. இந்தப் பெண்ணைப் பற்றி எழுதாமல் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

சைபீரியாவில் அல்தாய் மலை, டெனிசோவா குகை. 2010-இல் ஒரு சுண்டுவிரல் எலும்பின் மரபணுவிலிருந்து புது மனித இனம் ஒன்று தெரியவந்தது, குகையின் பெயரே இனத்தின் பெயராயிற்று. அதே குகையில் எது எந்த விலங்கு என்று அடையாளம் தெரியாத ஆயிரக்கணக்கான எலும்புத் துணுக்குகள் கிடந்தன. அவற்றின் புரதத்தைச் சோதித்துப் பார்த்தபோது, இரண்டரை சென்டிமீட்டர்கூட இல்லாத ஒரு துணுக்கு மனித எலும்பு என்று தெரிந்தது. 2018-இல் விவியான் ஸ்லோன் குழு அதன் மரபணுவைப் படித்து வெளியிட்டது. 13 வயதாவது ஆன பெண். வாழ்ந்தது சுமார் 90,000 ஆண்டுக்கு முன். தாய் நியாண்டர்தால். தந்தை டெனிசோவா.

அரைக்கு அரை. பாட்டன் பூட்டன் வழியில் எங்கோ கலந்த கலப்பு இல்லை, நேரடியாக அம்மாவும் அப்பாவும். அந்தத் தாயின் சொந்தங்கள் யார் என்று பார்த்தால், அதே அல்தாயில் முன்னர் வாழ்ந்த நியாண்டர்தால்களைவிட ஐரோப்பாவில் குரோவேசியாவில் பின்னர் வாழ்ந்தவர்களோடுதான் நெருக்கம். தந்தையின் மரபணுவிலும் பல நூறு தலைமுறைக்கு முந்தைய நியாண்டர்தால் கலப்பு இருக்கிறது. ஆக அந்தக் குகை ஓர் எல்லை ஊர். மேற்கிலிருந்து வருகிறவர்களும் கிழக்கிலிருந்து வருகிறவர்களும் தங்கிப் போன ஊர். எங்கள் ஊரில் இரண்டு மாநிலத்து பஸ்களும் வந்து நிற்பதுபோல.

மொத்தமே சில பேருடைய மரபணுவைத்தான் அந்தக் காலத்திலிருந்து படிக்க முடிந்திருக்கிறது. அதற்குள் இப்படி ஒரு பெண் அகப்படுகிறாள் என்றால், இது நூற்றாண்டுக்கு ஒரு முறை நடந்த அதிசயமாக இருந்திருக்காது.

செப்டம்பர் 15

காளகஸ்தியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். "சம்பந்தம் சம்பந்தம் என்கிறீர்கள். அந்தத் தாய் தூக்கிக்கொண்டு போகப்பட்டவளாக இருந்தால்?"

இதைப் படித்ததிலிருந்து "சம்பந்தம்" என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. நான் எத்தனையோ விடுதலைப் பத்திரம் எழுதியிருக்கிறேன். அக்கா தங்கைகள் தங்கள் பங்கை அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்து எழுதுவது. "என் முழு மனச்சம்மதத்துடன், யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி" என்ற வரி எல்லாவற்றிலும் இருக்கும், நானே எழுதிய வரி. கையெழுத்துப் போடும்போது விரல் நடுங்கிய பெண்களைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் கையெழுத்துப் போட்டு முடித்துப் பேனாவை மூடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்திரத்தில் அது பதியாது.

டெனியின் தாயும் அப்படித்தானா என்று எலும்பு சொல்லாது. ஆனால் "மணந்துகொண்டார்கள்" என்று இனி எழுத மாட்டேன். "குழந்தை பிறந்தது" என்று எழுதுகிறேன். சகோதரி சொன்னதுதான் சரி.

செப்டம்பர் 19

நான்கு நாள் யோசித்ததில் கேள்வியே எனக்கு மாறிவிட்டது. சண்டையா சம்பந்தமா என்பதைக் காட்டிலும் பெரிய கேள்வி: குழந்தை யார் வீட்டில் வளர்ந்தது?

ருமேனியாவில் "ஓசே" என்னும் குகை. 2002-இல் ஒரு கீழ்த்தாடை கிடைத்தது. சுமார் 40,000 ஆண்டுக்கு முன் வாழ்ந்த நம் இனத்து மனிதன். 2015-இல் அவன் மரபணுவைப் படித்தார்கள். நியாண்டர்தால் பங்கு 6 முதல் 9 விழுக்காடு. அதைவிட முக்கியம், அந்தப் பங்கு நீளநீளத் துண்டுகளாக இருந்தது. ஒவ்வொரு தலைமுறையிலும் இந்தத் துண்டுகள் வெட்டுப்பட்டுச் சிறிதாகிக்கொண்டே போகும், பாகப்பிரிவினையில் வயல் துண்டாவதுபோல. துண்டின் நீளத்தைப் பார்த்து எத்தனை பாகப்பிரிவினை நடந்தது என்று கணக்கிடலாம். கணக்கு சொன்னது: நான்கு முதல் ஆறு தலைமுறைக்குள் அவனுக்கு ஒரு நியாண்டர்தால் முன்னோர்.

நான்காம் தலைமுறை என்றால் ஓட்டன். பாட்டன், பூட்டன், ஓட்டன். எங்கள் ஆயா தன் ஓட்டனைப் பற்றிப் பேசுவார், அவர் எந்த ஊரிலிருந்து எந்த மாட்டு வண்டியில் வந்தார் என்பது வரைக்கும். ஓசே மனிதனின் குடும்பத்திலும் அப்படி ஒரு பேச்சு இருந்திருக்குமா என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இப்போது யோசியுங்கள். அந்த முதல் குழந்தை பிறந்தபோது அதன் முகம் மற்றக் குழந்தைகளைப் போல இருந்திருக்காது. புருவத்து எலும்பு, மூக்கு, உடம்பு வாகு, ஏதாவது ஒன்று வேறாகத் தெரிந்திருக்கும். அந்தக் குழந்தைக்கு யாரோ பாலூட்டினார்கள். வேட்டையில் கிடைத்த கறியில் பங்கு கொடுத்தார்கள். குளிரில் தோலைப் போர்த்தினார்கள். அது வளர்ந்தது, அதற்கும் துணை கிடைத்தது, குழந்தை பிறந்தது. ஒரு தலைமுறையில் ஒரே ஒரு முறை யாராவது "இது நம் பிள்ளை இல்லை" என்று ஒதுக்கியிருந்தால் அந்தத் தாடை ஓசே குகையில் கிடைத்திருக்காது. நம் உடம்பிலுள்ள அந்த 1, 2 விழுக்காடும் அப்படி ஒதுக்கப்படாமல் வளர்ந்த பிள்ளைகள் வழியாக வந்ததுதான். பிறப்பு எப்படி நேர்ந்தது என்பதில் காளகஸ்தி சகோதரி சொன்ன கொடுமையும் இருந்திருக்கலாம். வளர்ப்பு நடந்தது என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை.

செப்டம்பர் 20

ஓசே மனிதனின் வழி பின்னர் வந்த ஐரோப்பியரிடம் தொடரவில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. நேற்று எழுத விட்டுப்போயிற்று. நம்மிடம் இருப்பது வேறு வழியாக வந்தது.

செப்டம்பர் 21

நகரி வாசகர் விடவில்லை. "அப்படியானால் சண்டையே இல்லையா?"

இருந்தது என்று நினைக்க இடம் உண்டு. இராக்கில் ஷானிதார் குகை. அங்கே கிடைத்த நியாண்டர்தால்களில் மூன்றாம் ஆளின் விலா எலும்பில் ஆழமான வெட்டு. எறியப்பட்ட இலேசான ஈட்டி பட்டதுபோன்ற காயம் என்று 2009-இல் ஓர் ஆய்வு சொன்னது. எறியும் ஈட்டி நம் இனத்தாரின் ஆயுதம் என்பதால் எறிந்தவர் நம் ஆளாக இருக்கலாம் என்றார்கள். உறுதி என்று யாரும் சொல்லவில்லை. விபத்தாகக்கூட இருக்கலாம்.

அதே குகையில் முதலாம் ஆளையும் பாருங்கள். முகத்தில் பலத்த அடி, ஒரு கண் பார்வை போயிருக்கும், வலது கை சூம்பி, பாதி இல்லாமல் போயிருந்தது. அவ்வளவுக்குப் பிறகும் பல ஆண்டுகள் வாழ்ந்து நாற்பதைத் தொட்டிருக்கிறார். வேட்டைக்கு உதவாத ஒருவருக்கு யாரோ நாள் தவறாமல் சோறு போட்டிருக்கிறார்கள். இவர்களைத்தான் "காட்டுமிராண்டி" என்று நாம் பாடப் புத்தகத்தில் படித்தோம். எனக்கு அது பொறுக்கவில்லை.

செப்டம்பர் 27

அம்மம்மா வீட்டு அடுப்படிச் சுவரை இடித்துக் கட்டினார்கள், நான் போயிருந்தேன். சுவரில் சுண்ணாம்பு ஒரு பட்டை, புகைக்கரி ஒரு பட்டை, மறுபடி சுண்ணாம்பு, மறுபடி கரி. ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளை அடித்ததும், ஆண்டு முழுக்க விறகு எரித்ததும் அப்படியே அடுக்கடுக்காக இருந்தன. பெயர்ந்து விழுந்த ஒரு சில்லை எடுத்து விரல் நகத்தால் எண்ணிப் பார்த்தேன். பதினேழு வரை எண்ண முடிந்தது, அதற்கு மேல் நொறுங்கிவிட்டது.

பிரான்சில் ரோன் பள்ளத்தாக்கில் மாந்த்ரான் குகையில் இதையேதான் செய்திருக்கிறார்கள். குகைச் சுவரிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்புக்கல் சில்லுகளில் அடுப்புப் புகை படிந்த மெல்லிய வரிகளை எண்ணினார்கள். 2022-இல் வந்த முடிவு: சுமார் 54,000 ஆண்டுகளுக்கு முன் நியாண்டர்தால்கள் அந்தக் குகையை விட்டுப் போனதற்கும் நம் இனத்தார் வந்து தீ மூட்டியதற்கும் இடையே அதிகம் போனால் ஓர் ஆண்டு. வந்தவர்கள் சுமார் நாற்பது ஆண்டு இருந்து போன பிறகு மறுபடியும் நியாண்டர்தால்கள். கடைசியில் மறுபடி நம்மவர்கள். குழந்தைப் பல் ஒன்றை வைத்தும் கல் முனைகளை வைத்தும் யார் எந்த அடுக்கு என்று பிரித்திருக்கிறார்கள். இதை ஏற்காத அறிஞர்களும் இருக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓர் ஆண்டு இடைவெளி என்றால் உள்ளே நுழைந்தவர்களுக்கு முந்தைய குடித்தனத்தின் சாம்பல் தெரிந்திருக்கும். குடி மாறிப் போகிறவர்கள் அடுப்புக் கல்லை விட்டுவிட்டுப் போவது இந்தப் பக்கத்து வழக்கம்.

அக்டோபர் 2

நகரி வாசகர் ஒரு நல்ல வாதம் வைத்திருக்கிறார். மைட்டோகாண்ட்ரியா மரபணு தாயிடமிருந்து மட்டுமே வரும். இன்று உயிரோடிருக்கும் எவரிடமும் நியாண்டர்தால் மைட்டோகாண்ட்ரியா கிடையாது. ஆகவே நியாண்டர்தால் ஆண்கள்தான் நம் பெண்களைச் சேர்ந்தார்கள், மறுபக்கம் நடக்கவில்லை என்கிறார்.

முதலில் நானும் சரி என்றுதான் எழுத உட்கார்ந்தேன். பிறகு அலமாரியில் இருந்த செம்பு கண்ணில் பட்டது.

அது அம்மம்மாவின் அம்மாவுடைய செம்பு. பித்தளை, கழுத்தில் ஒரு நசுங்கல். வயிற்றுப் பகுதியில் புள்ளி புள்ளியாக உளி வைத்துத் தெலுங்கில் பெயர் வெட்டியிருக்கிறது. முதல் பெயர் தேய்ந்து பாதி எழுத்துதான் தெரிகிறது. அதன் கீழே அம்மம்மா பெயர். அதன் கீழே அம்மா பெயர், எழுத்து கொஞ்சம் கோணல். அம்மாவிடமிருந்து மகளுக்குத்தான் அந்தச் செம்பு போகும். எங்கள் அம்மாவுக்கு நாங்கள் இரண்டு பேரும் ஆண் பிள்ளைகள். நான்காவது பெயர் வெட்டவில்லை. அம்மாவுக்குச் சந்ததி இல்லையா? நாங்கள் இருக்கிறோம், எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். செம்பின் வரிசை மட்டும்தான் நின்றது.

மைட்டோகாண்ட்ரியாவும் அப்படித்தான். மகள் இல்லாத ஒரு தலைமுறை வந்தால் போதும், அந்தத் தாய்ப்பத்திரம் முடிந்துவிடும். சில நூறு நியாண்டர்தால் தாய்மார்கள் இருந்திருந்தாலும் பல்லாயிரம் ஆண்டில் அத்தனை வரிசையும் நின்றுபோக வாய்ப்புண்டு.

இன்னொன்று. 2020-இல், அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோமை நியாண்டர்தால் ஆண்களிடம் படித்தார்கள். பிற்கால நியாண்டர்தால்களுடையது டெனிசோவா ஆண்களுடையதைப் போல இல்லை, நம் இனத்து வழியோடு நெருக்கம். அதாவது ஒரு லட்சம் ஆண்டுக்கும் முன்பே நம் பக்கத்து ஆண் வழி ஒன்று அவர்களுக்குள் புகுந்து, அவர்களுடைய பழைய வழியை இல்லாமல் செய்துவிட்டது. 2024-இல் வந்த ஆய்வு நியாண்டர்தால் மரபணுத்தொகையில் நம் பங்கு 2.5 முதல் 3.7 விழுக்காடு என்கிறது. நம்மிடம் அவர்கள் மட்டும் இல்லை, அவர்களிடம் நாமும் இருந்தோம். அந்தப் பக்கத்திலும் நம் பிள்ளையை மடியில் வைத்து வளர்த்திருக்கிறார்கள். இதுவரை நான் எழுதியதில் இந்தப் பக்கம் விடுபட்டிருந்தது.

அக்டோபர் 3

செம்பைப் பற்றி ஒரு திருத்தம். தம்பி போன் செய்து, தன் மகள் பெயரை வெட்டலாமே என்றான். செம்பில் வெட்டலாம், கட்டாயம் வெட்டுவோம். மைட்டோகாண்ட்ரியாவுக்கு அது செல்லாது, அவளுக்கு அது அவள் அம்மாவிடமிருந்து வந்தது. உவமை அந்த இடத்தோடு நிற்கிறது.

அக்டோபர் 5

ஒருவர் எழுதியிருக்கிறார், கொரோனாவில் இத்தனை பேர் செத்ததற்கு நியாண்டர்தால் ரத்தம்தான் காரணமாம், கலந்ததே சாபமாம்.

2021 மே மாதம் எங்கள் அத்தை போனார். 71 வயது, சர்க்கரை நோய். அதனால் இதை நான் மேம்போக்காக விட மாட்டேன்.

2020-இல் ஹ்யூகோ ஸெபெர்கும் பேபோவும் கண்டது இது. மூன்றாம் குரோமோசோமில் நியாண்டர்தால் வழி வந்த ஒரு துண்டு, நோய் முற்றும் ஆபத்தைக் கூட்டுகிறது. தெற்காசியாவில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் அது இருக்கிறது, ஐரோப்பாவில் 16 விழுக்காட்டினரிடம். இதுவரை உண்மை. அதே இருவரும் அடுத்த ஆண்டே இன்னொன்றையும் சொன்னார்கள். பன்னிரண்டாம் குரோமோசோமில் அதே நியாண்டர்தால் வழி வந்த வேறொரு துண்டு, அந்த ஆபத்தைச் சுமார் 22 விழுக்காடு குறைக்கிறது. திபெத்தியர்கள் உயர மலையில் மூச்சுத் திணறாமல் வாழ உதவும் மரபணு வடிவம் டெனிசோவாக்களிடமிருந்து வந்தது. பாட்டன் சொத்தில் கடனும் இருக்கும் நிலமும் இருக்கும். அத்தைக்கு அந்தத் துண்டு இருந்ததா என்று எங்களுக்குத் தெரியாது. வயதும் சர்க்கரையும் இருந்தன, அது தெரியும். செத்தவர்களின் பேரில் சாபம் என்று எழுதாதீர்கள்.

அக்டோபர் 6

எவ்வளவு காலம் கலந்தார்கள் என்று கேட்டவருக்கு: 2024 டிசம்பரில் வந்த ஆய்வின்படி சுமார் 50,500 ஆண்டு முதல் 43,500 ஆண்டுக்கு முன்பு வரை. ஏறக்குறைய 7,000 ஆண்டு. சங்க காலத்திலிருந்து இன்று வரை 2,000 ஆண்டு என்று வைத்தால், அதைப் போல மூன்றரை மடங்கு. அவ்வளவு நீண்ட காலத்துக்கு "சண்டை" என்றோ "சம்பந்தம்" என்றோ ஒரே சொல்லை எப்படிப் போடுவது? நம் எல்லைத் தகராறு சில பத்தாண்டுதான், அதற்குள்ளேயே எத்தனை மாறிவிட்டது. 1950-களில் திருத்தணிக்காக மறியல் நடந்த பூமியில் இன்று கிருஷ்ணா நீர் கால்வாய் வழியாக வந்து பூண்டி ஏரியில் விழுகிறது.

அக்டோபர் 12

எலும்பையும் மரபணுவையும் விடச் சிறிய ஒரு சாட்சி: எச்சில்.

ஸ்பெயினில் எல் சித்ரோன் குகை நியாண்டர்தால் ஒருவரின் பல் காரையிலிருந்து, வாயில் வாழும் ஒரு நுண்ணுயிரின் மரபணுவை 2017-இல் ஏறக்குறைய முழுதாக எடுத்தார்கள். நம் வாயிலும் அதே வகை உண்டு. இரண்டும் எப்போது பிரிந்தன என்று கணக்கிட்டால் ஏறக்குறைய 1,20,000 ஆண்டுக்கு முன். நாமும் அவர்களும் பிரிந்ததோ பல லட்சம் ஆண்டுக்கு முன். ஆகவே பிரிந்த பிறகும் ஒரு வாயிலிருந்து மறு வாய்க்கு அது போயிருக்கிறது.

செய்தித்தாள்கள் உடனே "முத்தம்" என்று தலைப்புப் போட்டன. எனக்கு முதலில் தோன்றியது வேறு. எங்கள் ஆயா பல் முளைக்காத குழந்தைக்குச் சோற்றைத் தன் வாயில் மென்று ஊட்டுவார். அம்மம்மா வீட்டிலோ எங்கிலி, எச்சில், அது பெரிய குற்றம். ஒரே டம்ளரில் இருவர் குடித்தால் கழுவி வைத்துவிட்டுத்தான் மறு வேலை. அதே அம்மம்மா, நான் ஐந்து வயதில் காய்ச்சலில் கிடந்தபோது நான் கடித்து வைத்த இட்லியைத் தான் தின்றார். நான் பார்த்தேன். யார் எச்சிலை யார் உண்பது என்பதில்தான் நம் ஊரில் உறவும் விலக்கும் இருக்கின்றன. அந்த நுண்ணுயிர் முத்தத்தில் போயிருக்கலாம், ஒரே நீர்ச்சுனையில் குடித்ததில் போயிருக்கலாம், மென்று ஊட்டியதில் போயிருக்கலாம். மூன்றாவதை நான் அதிகம் நம்புகிறேன். ஆதாரம் கேட்காதீர்கள், என் மனம் அங்கே போகிறது.

அக்டோபர் 14

சென்ற குறிப்பில் "நம்புகிறேன்" என்று எழுதியதைச் சத்தியவேட்டு நண்பர் பிடித்துக்கொண்டார். பத்திரத்தில் இல்லாததைப் படிக்காதே என்று முதல் வாரம் எழுதியவன் நீதானே என்கிறார். நியாயம். அந்த வரியை ஆசை என்று எடுத்துக்கொள்ளுங்கள், முடிவு என்று வேண்டாம். குழந்தை வளர்ந்தது என்ற வரியை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன், அது பத்திரத்தில் இருக்கிறது.

அக்டோபர் 19

புத்தூர் வாசகர் கல்லின் படத்தைப் போட்டிருக்கிறார். குவார்ட்சைட், கண்ணீர்த்துளி வடிவம், இருபுறமும் செதுக்கல். உள்ளங்கையில் வைத்து எடுத்த படத்தில் கட்டைவிரல் பதியும் இடம் சரியாக இருக்கிறது. எங்கே எடுத்தது என்று கேட்டேன். ஓடையில் என்கிறார். எந்தக் கரை, செம்மண்ணா களிமண்ணா, மேலேயா கீழேயா? நாற்பது ஆண்டு ஆயிற்று, நினைவில்லை என்கிறார்.

செக்குபந்தி இல்லாத பத்திரம் அது. வடக்கே என்ன, தெற்கே என்ன என்று இல்லாவிட்டால் நிலம் இருந்தும் இல்லாததுதான். களிமண் அடுக்கில் இருந்த கல்லா, மேல் அடுக்கில் இருந்ததா என்பதில் பத்து லட்சம் ஆண்டு வித்தியாசம் இருக்கிறது. அங்கே இரண்டு விதமான மனிதர்கள் சந்தித்தார்களா என்று என்றைக்காவது தெரியவேண்டுமானால், எந்தக் கல் எந்தக் கல்லுக்கு மேலே கிடந்தது என்பதிலிருந்துதான் தெரியும். சிறு பிள்ளையாக எடுத்தார், அவர் பேரில் எனக்கு வருத்தம் இல்லை. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பை நிறைய எடுத்து வருகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பேரில் கோபம் இருக்கிறது. எடுக்காதீர்கள். படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு சாவியையோ நாணயத்தையோ வைத்து அளவு தெரியும்படி எடுங்கள், கல்லை அங்கேயே விடுங்கள்.

அக்டோபர் 26

புத்தூர் வாசகரும் நானும் இன்று பூண்டி அருங்காட்சியகத்துக்குக் கல்லைக் கொண்டுபோனோம். அவர் தன் பேத்தியையும் அழைத்து வந்திருந்தார், ஏழு வயது. கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக இருந்த கைக்கோடரிகளைப் பார்த்துவிட்டு, இதையெல்லாம் செய்தவர்கள் தமிழா தெலுங்கா என்று கேட்டாள். அவளுடைய தாத்தா தெலுங்கில் பதில் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே துணியில் சுற்றியிருந்த கல்லை அவிழ்த்து, இரண்டு கையாலும் பிடித்து, மேசைமேல் வைத்தாள்.